பொருள்: ‘நாம’ என்ற சொல் தொடர்பாக

“நாம டீ குடிக்கப் போலாமா?”

கேட்டது புது எழுத்தர். முகவரித் திருத்தப் பிரிவில் நான்கு தலைகள் ஒன்றாக நிமிர்ந்தன. சீல் மாமா ஓங்கிய முத்திரையை அந்தரத்திலேயே நிறுத்திவிட்டார்.

“யாரு நாம?” என்றார் தலைமை எழுத்தர்.

“நாமதான் சார். நீங்க, டைப் அக்கா, சீல் மாமா, இவரு… அப்புறம் நானு.”

“வந்து ஒம்பது நாளு. அதுக்குள்ள நாமளா?” டைப் அக்காவுக்கு மூச்சே வாங்கியது. “கல்யாணமாகி ரெண்டு வருஷம் என் மாமியார்கிட்டயே அந்த வார்த்தையைச் சொல்லல நான்!”

‘இவரு’ என்று சொல்லப்பட்டவருக்குப் பட்டப்பெயர் ‘பழைய புதுசு’. பதினோரு வருஷத்துக்கு முன்னால் புதுசாக வந்தவர். கோபம் அவருக்குத்தான் அதிகம். “என்னைச் சேர்க்கவே ஏழு வருஷமாச்சு. தெரியுமா?”

புது எழுத்தருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க முடியாது. ஆறு மாதம் கழித்து, “பிரிவுடன் இணக்கமாகப் பழகினார்” என்று இந்த நாலு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நிரந்தரம். முன்பு வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். மனைவி, பிள்ளைகளோடு மச்சான் வீட்டு மாடி அறையில் ஒண்டியிருந்தார். மச்சான் தினமும் சாப்பாட்டு நேரத்தில் கேட்பார்: “நிரந்தரமா?” வேலையைக் கேட்கிறாரா, தங்கியிருப்பதைக் கேட்கிறாரா என்று புரியாது.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. “மேற்படி சொல்லைத் தகுதிகாண் பருவத்தினர் உச்சரிக்கலாகாது. பிரிவினரை ‘நீங்கள்’ என்றும் தம்மை ‘நான்’ என்றும் குறிப்பிடுதல் வேண்டும். நாற்காலிக்கும் இது பொருந்தும்.”

“நாற்காலிக்கு எப்படி சார் பொருந்தும்?”

“நாற்காலி பிரிவோடது. நீ பிரிவு இல்ல. இதுல என்ன புரியல?”

எனவே அவர் பழைய கோப்புக் கட்டுகளை அடுக்கி, அவற்றின்மேல் உட்கார்ந்தார். யாராவது பழைய கோப்பு கேட்டால் எழுந்து உருவிக் கொடுப்பார். அன்றைக்கு ஒரு அங்குலம் குள்ளமாகிவிடுவார். டீக்கு அவர்கள் போவார்கள். இவர் காவல் இருப்பார்.

ஐந்தாம் மாதம், டீ குடிக்கப் போன இடத்தில் நாலு பேரும் வட்ட முத்திரையைத் தொலைத்துவிட்டு வந்தார்கள். அதை ஏன் டீக்கடைக்கு எடுத்துப் போனார்கள் என்று கேட்கக் கூடாது. அதுவும் பிரிவைச் சேர்ந்ததுதானே.

தலைமையகத்து ஆய்வாளர் அம்மா வரும் செருப்புச் சத்தம் கேட்டதும், தலைமை எழுத்தர் புது எழுத்தரின் தோளில் கை போட்டார். ஐந்து மாதத்தில் முதல்முறை.

“தம்பி, கேட்டாங்கன்னா ‘நாம தொலைச்சுட்டோம்’னு சொல்லு. அஞ்சாப் பிரிச்சா திட்டு கம்மி. இன்னிக்கே கையெழுத்து, சரியா?”

உள்ளே வந்ததும் அந்த அம்மா கேட்டார்: “யாரு தொலைச்சது?”

“நாமதான் மேடம்!” நாலு பேரும் ஒரே குரல்.

“நாமளா? என்னையும் சேர்த்தா? டீக்கு என்னைக் கூப்பிடவே இல்லையே!”

நாலு பேருக்கும் மெமோ. பிறகு கோப்புக் கட்டுப் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க.”

தலைமை எழுத்தரின் செருப்பு புது எழுத்தரின் காலை மிதித்தது.

“எனக்கு அந்த வார்த்தைக்கு அனுமதி இல்ல மேடம்.” சுற்றறிக்கையை எடுத்து நீட்டினார். “அவங்க டீக்குப் போனப்ப நான் இங்கதான் இருந்தேன்.”

மேடம் அதை இரண்டு தடவை படித்தார். நாலு பேர் கையெழுத்துக்கும் காத்திராமல், தலைமையக அதிகாரத்தில் நின்றபடியே பணி நிரந்தரத்துக்கு எழுதிக் கொடுத்தார். “அடுத்த மாசம் இன்னொருத்தர் வராரு. மொத வேலையா அவருக்கு ஒரு நாற்காலி போடுங்க. அந்தக் கஷ்டம் உங்களுக்குத்தான் தெரியும்.”

“கண்டிப்பா மேடம்.”

அன்று சாப்பாட்டு நேரத்தில், “நிரந்தரம்!” என்றார். மச்சானின் முகம் வெளுத்துப் போனது.

பிரிவு ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. ஆனால் நிரந்தரமானவரை வெளியே நிறுத்த விதியில் இடமில்லை. எட்டாம் நாள் டைப் அக்கா வேண்டா வெறுப்பாக, “நாம டீக்குப் போலாமா?” என்றார். எழுத்தருக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த மாதம் கண்ணாடி போட்ட ஒருத்தர் வந்தார். எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். “நாம எப்போ டீ குடிக்கப் போவோம்?”

ஐந்து தலைகள் நிமிர்ந்தன. முதலில் நிமிர்ந்தது நம்ம எழுத்தருடையது.

சுவரோரம் ஒரு நாற்காலி சும்மாதான் கிடந்தது. கை நீட்டினால் எட்டும். போடச் சொல்லியிருந்தார்கள். அவர் போடவில்லை.