ஒருங்கமைக்கப்பட்ட குற்றமும் ஒரு நிச்சயதார்த்த வேனும்

எல்லையைக் காப்பவர்களுக்கு எல்லையைக் காக்கத் தெரியவில்லை என்று கடல் கடந்த அமைப்பு ஒன்று கண்டுபிடித்தது. கண்டுபிடித்ததோடு நில்லாமல் அதற்கு நிதியும் ஒதுக்கிவிட்டது. நிதி வந்த பிறகு, தெரியும் என்று சொல்ல அரசாங்கத்துக்கு மனம் வருமா? தெரியாது என்று உடனே ஒப்புக்கொண்டது.

அதன் பயனாக, ராஜபாளையத்தில் குளிரூட்டப்பட்ட கல்யாண மண்டபம் ஒன்றில், 'எல்லை தாண்டிய ஒருங்கமைக்கப்பட்ட குற்றங்கள் மற்றும் சட்டவிரோதக் கடத்தலை எதிர்கொள்ளும் களப்பணியாளர்களுக்கான திறன் மேம்பாட்டுப் பயிலரங்கு' மூன்று நாள் நடந்தது. பேனர் வாசலில் தொடங்கி, சுவரைச் சுற்றி, சமையல்கட்டு வாசலில் முடிந்தது. 'பயிலரங்கு' என்ற சொல் சமையல்கட்டுக்கு மேல் விழுந்ததால் வந்தவர்கள் யாரும் வழி தவறவில்லை.

வந்தவர்களில் ஞானரத்தினமும் ஒருவர். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். மலையடிவாரத்தில் கேரள எல்லைச் சோதனைச் சாவடி ஒன்றில் முப்பது வருடமாக வேலை. யாரிடமும் அதிர்ந்து பேசியதில்லை. எந்த வண்டியையும் அதிர நிறுத்தியதும் இல்லை. அவருடைய மகள் ஜெனிலாவுக்கு, இரண்டு சம்பந்தம் கைகூடாமல் போய், மூன்றாவதாகத் தென்காசியில் ஒரு நல்ல இடம் அமைந்திருந்தது. நிச்சயதார்த்தம் பயிற்சியின் மூன்றாம் நாள், மாலை நான்கு மணி.

அவர் விடுப்புக் கேட்டார். 'பயிற்சியை நிறைவு செய்யாதவர் பயிற்சி பெறாதவராகவே கருதப்படுவார். பயிற்சி பெறாதவரை எல்லையில் நிறுத்துவது தேசத்துக்கு ஆபத்து' என்று பதில் வந்தது. முப்பது வருடமாகத் தேசம் ஆபத்தில் இருந்ததை ஞானரத்தினம் அன்றுதான் அறிந்தார். கடைசி நாள் செய்முறைப் பயிற்சி நண்பகலில் முடிந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பிப் போய் உட்கார்ந்தார்.

முதல் நாள் எல்லாருக்கும் ஒரு துணிப்பை, ஒரு தண்ணீர்ப் புட்டி, கழுத்தில் தொங்க ஓர் அட்டை. பிறகு மனத்தடை நீங்குவதற்காக ஒருவர்மேல் ஒருவர் பந்து எறிந்துகொண்டார்கள். பிறகு, தன்னை ஒரு பழமாகப் பாவித்தால் எந்தப் பழம் என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும். ஞானரத்தினம் சப்போட்டா என்றார். கைதட்டினார்கள்.

பயிற்சி வல்லுநர் லிங்கேஸ்வரன் ஏழு நாடுகளில் பயிற்சி பெற்றவர். விமான நிலையத்தைத் தவிர வேறு சோதனைச் சாவடி எதையும் நேரில் பார்க்காததால் அவர் மனம் பாரபட்சம் அற்றதாக இருந்தது. அவர் கையிலிருந்த கையேடு எந்த நாட்டிலோ எழுதப்பட்டது. அந்த நாட்டில் கடத்தல் சரக்கு உள்ளே வருகிறது. ஆகவே உள்ளே வரும் வண்டிகளை எப்படிச் சோதிப்பது என்று மட்டும் அதில் இருந்தது.

மாரீஸ்வரி என்ற இளம் அலுவலர் எழுந்தார். "சார், நம்ம பக்கம் ரேஷன் அரிசி வெளியலா போகுது? உள்ள வாரதுல என்ன இருக்கு, பலாப்பழமும் நேந்திரங்காயும்தான்."

"நல்ல கேள்வி," என்றார் லிங்கேஸ்வரன். நல்ல கேள்வி என்றால் பதில் கிடையாது என்று அர்த்தம். "வெளியே போவது இரண்டாம் கட்டம் மேடம். அதற்கு நிதி இன்னும் வரவில்லை. நிதி வரும்வரை அந்தக் குற்றம் நம் வரம்புக்குள் வராது."

எல்லாரும் குறித்துக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள்தான் ஞானரத்தினத்துக்கு நாக்கில் சனி உட்கார்ந்தது. "நீங்கள் எந்த வண்டியை நிறுத்தவே மாட்டீர்கள்? மனம் திறந்து சொல்லுங்கள்," என்று லிங்கேஸ்வரன் கேட்டார். யாரும் மனம் திறக்கவில்லை. திறந்தால் என்னென்ன விழும் என்று அவரவருக்குத் தெரியும். பாவம், ஞானரத்தினம் எழுந்தார்.

"கல்யாண வண்டி, சாவு வண்டி ரெண்டையும் மறிக்க மாட்டோம் சார். மறிச்சா பாவம்னு சொல்லுவாவ. எங்க பக்கம் அது வழக்கம்."

லிங்கேஸ்வரன் மேடையிலிருந்து குதித்தே இறங்கிவிட்டார். "பார்த்தீர்களா! இதுதான் இடைவெளி! இந்த வழக்கத்துக்குள்தான் ஒருங்கமைக்கப்பட்ட குற்றம் ஒளிந்திருக்கிறது. நாளை செய்முறையில் கடத்தல் கும்பல் நிச்சயதார்த்தக் கோஷ்டியாக வரும். சார், உங்கள் பக்கத்து நிச்சயதார்த்தக் கோஷ்டி எப்படி இருக்கும்?"

முப்பது வருடத்தில் முதன்முறையாக ஒரு மேலதிகாரி அவரிடம் ஆசையோடு கேட்கிறார். ஞானரத்தினம் உருகிப்போனார். மறுநாள் தன் வீட்டுக்கு வரப்போகிறவர்களை மனக்கண்ணில் நிறுத்தி ஒன்று விடாமல் சொன்னார். வெள்ளை வேன். ஒன்பது பேர். மாப்பிள்ளையின் அம்மா அரக்குப் பட்டு. ஒற்றைப்படையில் தட்டுகள், முதல் தட்டில் வேதப்புத்தகம், அதன்மேல் மோதிரப் பெட்டி. அப்புறம் கேக், அல்வா, குற்றாலத்துப் பழம். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், பெண்ணின் அப்பா பெயரைச் சொல்வார்கள்.

"உங்கள் பெயரையே வைத்துக்கொள்வோம். யதார்த்தம் முக்கியம்," என்றார் லிங்கேஸ்வரன்.

கடத்தல் கும்பலாக நடிக்கும் பொறுப்பு மண்டபத்துக்குப் பந்தல், நாற்காலி, சாப்பாடு எல்லாம் சப்ளை செய்த ஒப்பந்ததாரர் வேல்சாமியிடம் கொடுக்கப்பட்டது. ஜெனிலா நிச்சயதார்த்தத்துக்கும் சமையல் அவர்தான். கடத்தல் சரக்கும் அசலாக இருக்க வேண்டும் என்று, கிடங்கில் கிடந்த பறிமுதல் அரிசியில் பத்து மூட்டை அவர் வேனில் ஏற்றப்பட்டது. கடத்தல்காரர்கள் பளபளவென்று தீட்டி, உயர்ரகப் பொன்னி என்று அச்சடித்த பையில் போட்டிருந்த ரேஷன் அரிசி. மூட்டை வாயில் துறையின் அரக்கு முத்திரை இருந்தது.

மூன்றாம் நாள் காலை, ராஜபாளையத்துக்கும் சேத்தூருக்கும் நடுவில் மாதிரிச் சோதனைச் சாவடி எழுந்தது. ராஜபாளையத்தை நோக்கி வரும் பக்கம் மட்டும் தடுப்பு. கேரளா போகும் பக்கம் இரண்டாம் கட்டம் என்பதால் திறந்தே கிடந்தது. அந்தப் பக்கமாகத் தார்ப்பாய் மூடிய லாரி ஒன்று வந்து, பந்தல் கயிறு இடிக்கிறது என்று ஹாரன் அடித்தது. நான்கு அலுவலர்கள் ஓடிப்போய்க் கயிற்றைத் தூக்கிப் பிடித்து வழி விட்டார்கள். டிரைவர் நன்றி சொல்லிவிட்டுப் போனான். லாரி போன தடத்தில் கொஞ்சம் அரிசி சிந்திக் கிடந்தது. புறாக்கள் வந்து கொத்தின.

'கைப்பேசி நோன்பு' என்ற புதிய முறைப்படி எல்லார் போனையும் ஒரு கூடையில் வாங்கிக்கொண்டார்கள். ஞானரத்தினத்துக்குக் கட்டுப்பாட்டு அறை. அதாவது, தடுப்பிலிருந்து கண்ணுக்கு எட்டாத தூரத்தில் ஒரு கூடாரம், ஒரு மேசை, ஒரு வாக்கிடாக்கி. பயிற்சி முடியும்வரை அவர் எழுந்திருக்கக் கூடாது.

வேல்சாமியின் கும்பல் அப்போது சேத்தூரில் பரோட்டாவுக்குச் சால்னா போதவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அவர்களுக்கு முன்னால், ராஜபாளையத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு நான்கு மணிக்குப் பெண் வீட்டுக்குப் போகலாம் என்று, தென்காசியிலிருந்து ஒரு வெள்ளை வேன் வந்துகொண்டிருந்தது.

வாக்கிடாக்கி கரகரத்தது. "கண்ட்ரோல் சார், மாரீஸ்வரி பேசுதேன். வண்டி வந்துட்டு. ஒம்போது பேரு. அரக்குப் பட்டு இருக்கு."

"தட்டு?"

"ஒத்தப்படைதான் சார். மொதத் தட்டுல பைபிளு."

ஞானரத்தினத்துக்குப் புல்லரித்தது. வேல்சாமி எவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்கிறான்! "எங்க போறாவளாம்?"

"ஒங்க பொண்ணு நிச்சயத்துக்குன்னு சொல்லுதாவ. ஒங்க பேரு, ஒங்க வீட்டு அக்கா பேரு, தெருப் பேரு எல்லாஞ் சொல்லுதாவ சார். ரொம்பக் கோவமா இருக்காவ."

"கையேடு என்ன சொல்லுது?"

"மறுப்பு எம்புட்டுக்குப் பலமா இருக்கோ அம்புட்டுக்குச் சரக்கு உள்ள இருக்கும்."

"அப்பொறமென்ன? எறக்கு எல்லாரையும்."

லிங்கேஸ்வரன் பக்கத்தில் நின்று கட்டை விரலை உயர்த்தினார். ஞானரத்தினத்துக்கு இருபது வயது குறைந்துவிட்டது. கேக்கை நடுவில் வெட்டிப் பார்க்கச் சொன்னார். அல்வாவில் கம்பி விட்டுப் பார்க்கச் சொன்னார். வேதப்புத்தகத்தைத் தாள் தாளாகப் புரட்டச் சொன்னார். மோதிரத்தைச் சான்றுப் பொருளாகப் பையில் போட்டு மூடச் சொன்னார்.

"சார், மாப்பிள்ள ஷூவையுமா கழத்தணும்?"

"மாப்பிள்ளயத்தான் மொதல்ல சந்தேகப்படணும்."

"அந்தம்மா அழுதாவ சார்."

அவர் ஒரு கணம் தயங்கினார். மனிதர் நல்லவர், அழுகை என்றால் தாங்க மாட்டார். லிங்கேஸ்வரன் கையேட்டில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்: 'கண்ணீர் ஓர் உத்தி.'

"நடிப்பு பிரமாதம்னு சொல்லு," என்றார் ஞானரத்தினம். "அப்படியே ஸ்டெப்னி டயரயும் பாத்திரு."

சரக்கு எதுவும் சிக்காமலே சோதனை முடிந்தது; அவ்வளவு சாமர்த்தியமாக ஒளித்திருக்கிறார்களே என்று ஞானரத்தினம் வியந்தார். நடிகர்களை நேரில் பாராட்ட அவருக்கு அனுமதி கிடைத்தது. கழுத்து அட்டையைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையையும் தட்டியபடியே நடந்து வந்தார். வேனைச் சுற்றி வந்ததும், ரோட்டில் விரித்த தார்ப்பாயின் நடுவே, வெட்டுப்பட்ட கேக்குக்குப் பக்கத்தில், அரக்குப் பட்டில் கிருபாபாய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா. பக்கத்தில் மாப்பிள்ளை பெனின், வெறுங்காலோடு.

தட்டிய கை அப்படியே கும்பிட்டபடி நின்றுவிட்டது.

"வாங்க சம்பந்தி," என்றாள் கிருபாபாய். "அந்தப் பொட்டிக்குள்ளேருந்து உத்தரவு போட்டது நீங்கதானா? கொரலு தெரிஞ்ச கொரலா இருக்கேன்னுதான் பாத்தேன். அல்வால கம்பி விட்டாச்சு. எங்க வயித்துலயும் விட்டுப் பாக்கணுமா?"

"அம்மா, இது ஒரு பயிற்சி…"

"எங்க ஊருல நிச்சயத்துக்கு வந்தவங்களுக்குக் காப்பி குடுப்போம். இங்க பயிற்சி குடுப்பீங்களோ? ஏல பெனின், ஷூவ மாட்டு. வண்டியத் திருப்பச் சொல்லு."

நிலைமையைச் சமாளிக்க லிங்கேஸ்வரன் ஒன்பது பங்கேற்புச் சான்றிதழ்களோடு ஓடி வந்தார். கிருபாபாய் பார்த்த பார்வையில் அவற்றைத் துணிப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

ஞானரத்தினத்துக்கு உலகமே இருட்டிக்கொண்டு வந்தது. முப்பத்தொரு வயது மகள். இதுவும் போனால் வீட்டில் எந்த முகத்தோடு நுழைவது? குழப்பத்தின் நடுவே இன்னொரு வெள்ளை வேன் வந்து நின்றது. "நிச்சயதார்த்தத்துக்குப் போறோம் சார்," என்று உள்ளிருந்து வேல்சாமி சத்தம் கொடுத்தார். பட்ட அவமானம் போதும் என்றிருந்த மாரீஸ்வரி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ஒரு சல்யூட் அடித்துத் தடுப்பைத் தூக்கிவிட்டார்.

வேன் போன கொஞ்ச நேரத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்தது. வண்டியை மறித்ததுமே பெனின் ஜெனிலாவுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருந்தான். ஜெனிலா வீட்டில் கட்டியிருந்த சேலையோடு, தலையில் பாதி கட்டிய பூவோடு வந்து இறங்கினாள். அப்பாவைப் பார்த்தாள். சிந்திக் கிடந்த பழத்தைப் பார்த்தாள். நேரே போய்க் கிருபாபாய் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள்.

"அத்தே, கோவப்படுங்க, வேண்டாங்கல. ஆனா ஒண்ணு மட்டும் கேளுங்க. எங்கப்பா முப்பது வருசமா செக்போஸ்ட்ல நிக்காவ. அரிசி போகுது, மணல் போகுது, மரம் போகுது, என்னென்னமோ போகுது. இந்த முப்பது வருசத்துல அவிய ஒழுங்கா சோதன போட்ட ஒரே வண்டி ஒங்க வண்டிதான்."

 கிருபாபாயின் தோள் குலுங்கிற்று. அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். சிரிப்பு. சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு, ஒரு பழத்தட்டே கவிழ்ந்துவிட்டது.

"பொண்ணு எனக்குப் புடிச்சிருக்கு," என்றாள். "அப்பாவத்தான் மாத்திக் குடுத்தா நல்லாருக்கும்."

அலுவலர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடமா என்பது பற்றிக் கையேட்டில் ஒன்றும் இல்லை.

நான்கு மணி ஆறு மணி ஆனாலும் நிச்சயதார்த்தம் நடந்தது. மோதிரம் சான்றுப் பையிலிருந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு விடுவிக்கப்பட்டது. பரிகாரமாகப் பயிற்சிக்கு வந்த அத்தனை பேரும், லிங்கேஸ்வரன் உள்பட, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து பந்தியில் உட்கார்ந்தார்கள். சோறு மல்லிகைப் பூவாய் உதிர்ந்தது. லிங்கேஸ்வரன் மூன்றாம் தடவை சாம்பார் கேட்டார்.

தண்ணீர் எடுக்கச் சமையல் பக்கம் போன ஞானரத்தினம், அடுப்புக்குப் பின்னால் காலிப் பைகளைப் பார்த்தார். உயர்ரகப் பொன்னி. வாயில் அரக்கு முத்திரை.

"வேல்சாமி, என்னய்யா இது?" ஒரு பையைத் தூக்கிக் காட்டினார்.

"யாருமே புடிக்கல சார். சமையலுக்கு வேற நேரமாச்சு. புடிக்காத சரக்கு கடத்துனவனுக்குத்தானே? லிங்கேஸ்வரன் சார்தான் சொன்னாரு, நடிச்சா முழுசா நடிக்கணும்னு."

ஞானரத்தினம் பந்தியை எட்டிப் பார்த்தார். ஒருங்கமைக்கப்பட்ட குற்றத்தை எதிர்கொள்ளும் பயிற்சி பெற்ற அத்தனை பேரும், ஒருங்கமைந்து, வரிசையாக உட்கார்ந்து, சான்றுப் பொருளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் பைகளை முத்திரை உள்ளே போகும்படி மடித்து அடுப்பில் தள்ளினார். "ரசத்துக்கு இன்னுங் கொஞ்சம் சோறு போடச் சொல்லு," என்றார்.

கை கழுவ வந்த கிருபாபாய், "சம்பந்தி, அரிசி எந்தக் கடைல வாங்குனீங்க? அருமையா இருக்கு. கல்யாணத்துக்கும் இதேதான் போடணும், சொல்லிட்டேன்," என்றாள்.

பறிமுதல் அரிசியில் ஒரு மணிகூட எல்லை தாண்டவில்லை என்று பயிலரங்கின் இறுதி அறிக்கை சொல்கிறது. அரசாங்க அறிக்கையில் உண்மை இருக்காது என்று யாரும் இனிமேல் சொல்ல வேண்டாம். கடல் கடந்த அமைப்பும் மகிழ்ந்து இரண்டாம் கட்டத்துக்கு நிதி கொடுத்துவிட்டது.

திங்கட்கிழமை ஞானரத்தினம், கழுத்து அட்டையைக் கழற்றாமலே சாவடிக்குப் போனார். கேரளா போகும் பக்கம் தார்ப்பாய் மூடிய லாரி வந்தது. ரோட்டின் நடுவில் போய்க் கையை நீட்டினார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் மறித்த முதல் அரிசி லாரி அதுதான். டிரைவர் வெலவெலத்துப்போய் இறங்கினான்.

"என்ன சார், ஒருநாளும் இல்லாத வழக்கமா மறிக்கீங்க?"

"பயப்படாத. இது பொன்னி பேரு போட்ட பைதானே?" அவர் குரலைத் தணித்தார். "தை மாசம் வீட்டுல கல்யாணம். எனக்கு இருவது மூட்ட எறக்கணும்."

'வெளிச்செல்லும் வாகனச் சோதனை தொடங்கப்பட்டது' என்று இரண்டாம் கட்ட அறிக்கையில் இந்த லாரி இடம்பெற்றிருக்கிறது. கல்யாணப் பத்திரிகை நமக்கும் வந்திருக்கிறது. போவோம், வயிறாரச் சாப்பிடுவோம், நாட்டில் கடத்தல் பெருகிவிட்டது என்று கை கழுவும் இடத்தில் நின்று பேசிவிட்டு வருவோம்.