பாதி சாரும் அரூர் மண்டபமும்

எண்பதுகளில் தர்மபுரி மாவட்டத்தில் எழும்பிய மாடிக் கட்டடங்களில் பாதி, பாதி சாரின் தயவில்தான் நின்றன. மீதி எப்படி நின்றன என்பது அவருக்கே புரியாது. அதனால் அவற்றுக்குள் நுழையவும் மாட்டார். பேங்க் மேனேஜர் கூப்பிட்டால்கூட வாசலில் நின்றபடிதான் பேசுவார்.

அவர் இஞ்சினியர். நான் அவரிடம் படம் வரைபவன். காற்று தள்ளினால் எந்தத் தூண் எவ்வளவு தாங்க வேண்டும் என்று முறைப்படி கணக்குப் போட்டால் நாள்கணக்கில் இழுக்கும். பாதி சார் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவார். ஒவ்வொரு தூணிலும் நட்டநடுவில் வளைக்கிற விசை பூஜ்யம் என்று வைத்துக்கொள்வார். காற்றின் தள்ளலில் ஓரத்தூணுக்கு ஒரு பங்கு, நடுத்தூணுக்கு இரண்டு பங்கு. குறுக்குவழிதான், ஆனால் இஞ்சினியர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட குறுக்குவழி.

போகிற இடமெல்லாம் தூணின் பாதியில் சாக்பீஸால் கோடு கிழிப்பார். பெயர் வந்தது அப்படித்தான். மொரப்பூர் ஸ்டேஷனில் கிழித்து மாட்டிக்கொண்டார்.

"இந்த எடத்துல தூணுக்கு ஒரு கவலையும் இல்லீங்க" என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கு விளக்கினார்.

"கவலை உங்களுக்குத்தான் வரப்போவுது. தொடச்சிட்டுப் போங்க" என்றார் மாஸ்டர்.

அவருடைய அப்பா இறந்தபோது, கல்லறைக்குப் பெட்டி தூக்கியவர்களை நடுவழியில் நிறுத்தினார். "நடுவுல நிக்கிறவனுக்கு ரெண்டு பங்கு பாரம். ஒல்லிப் பசங்கெல்லாம் ஓரத்துக்குப் போங்கப்பா." பாதிரியார் ஜெபத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். சிரிப்பை அடக்க முடியாமல் சனம் இன்னும் சத்தமாக அழுதது.

அரூரில் ஒரு புளி மண்டிக்காரர் கல்யாண மண்டபம் கட்டினார். கணக்கு பாதி சார் போட்டது. கீழே சாப்பாட்டுக் கூடம், சுவரில்லாமல் வெறும் தூண்கள். முதல் கல்யாணம் மண்டிக்காரர் மகளுக்கு. முந்தின நாள் சாயங்காலம் நானும் அவரும் பார்க்கப் போனோம். தூண்களின் உச்சியில், உத்தரத்துக்குக் கீழே, மயிரிழை விரிசல்கள். மேஸ்திரியைப் பிடித்துக் கேட்டார். அஸ்திவாரக் குழியில் பாறை வந்ததும் அதைக் குடையாமல், யாருக்கும் சொல்லாமல், தூண்களைப் பாறைமேலேயே நிறுத்திவிட்டாராம்.

பாதி சாருக்கு முகம் செத்துப்போனது. "அடியில புடிப்பே இல்லப்பா. பூஜ்யம் நடுவுல இல்ல, பாதத்துக்கு எறங்கிடுச்சி. உச்சி ரெண்டு மடங்கு வாங்குது. என் கணக்கு இந்தக் கட்டடத்துக்குப் பொய்."

மண்டிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஊரெல்லாம் பத்திரிகை வெச்சாச்சிங்க சார். நாளைக்கி ஒரு நாள் தாங்காதுங்களா?"

"பாதி நாள் தாங்கும். எந்தப் பாதின்னுதான் சொல்லத் தெரியலீங்க."

சொல்லிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்து, விரிசலுக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"மாப்பிள்ள வூட்டுக்காரங்க வர்ற நேரம். எந்திரிங்க சார்."

"எந்திரிக்க மாட்டன். யாரு உள்ள வந்தாலும் இதத்தான் சொல்லுவன்."

சொன்னார். மாப்பிள்ளையின் தாய்மாமன் அவர் விரல் காட்டிய இடத்தை அண்ணாந்து பார்த்தார். மறு பேச்சில்லாமல் குழந்தைகளையும் பெண்களையும் வெளியே கூட்டிப்போனார். தாலி கட்டியதும் பந்தி நடந்ததும் எதிர் வயலில் போட்ட பந்தலில்தான். மண்டிக்காரர் அதன்பிறகு பாதி சார் முகத்தில் விழிக்கவில்லை. முட்டுக் கொடுக்கச் சொன்னதையும் காதில் வாங்காமல் மண்டபத்தைப் பூட்டிப்போட்டார்.

ஐப்பசி மழையில், பெருங்காற்று அடித்த ஒரு நாள், மண்டபம் அப்படியே சாய்ந்து படுத்தது. மழைக்கு உள்ளே ஒதுங்கியிருந்த மண்டபக் காவல்காரர் அடியில் சிக்கிச் செத்துப்போனார்.

விசாரணைக்கு வந்தவர்களிடம் பாதி சார் மேஸ்திரியைப் பற்றி வாயே திறக்கவில்லை. "பாறையைப் போய்ப் பாக்காம கணக்குப் போட்டது நான்தானுங்க" என்றார். லைசென்ஸ் போனது. காவல்காரர் வீட்டு வாசல்வரை போய், உள்ளே நுழையத் தைரியமில்லாமல் திரும்பினார். அப்புறம் அவர் எந்தத் தூணுக்கும் கணக்குப் போடவில்லை. சாகிறவரைக்கும் போடவில்லை.

அந்தக் கல்யாணப் பந்தியில் என் மனைவியும் கைக்குழந்தையாயிருந்த எங்கள் மகளை மடியில் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். அரூர்ப் பக்கம் இன்றும் அவரை மண்டபத்தைச் சாய்த்த மனுஷன் என்றுதான் சொல்வார்கள். என் மகள் இருக்கிற இடத்தில் அப்படிச் சொல்ல நான் யாரையும் விட்டதில்லை.