அண்ணன் வேஷத்தில் பரிபூரணம்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. ராஜபாளையத்தில் தவசிமுத்துவோடு ஒரே மில்லில் வேலை பார்த்த என் மாமா சொன்னதைத்தான் சொல்கிறேன்.

தவசிமுத்து மில்லில் ஃபிட்டர். 1987இல் அவருடைய அப்பாவுக்குக் கல்லறைக் கல் நட்டார்கள். கல் கொத்துகிறவரிடம் விவரம் எழுதிக் கொடுத்தவர் தவசிமுத்துதான். மகன்கள் வரிசையில் தன் பெயரை முதலில் எழுதிவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மூத்தவர் தங்கச்சாமி வந்து பார்த்தார். அன்றைக்கு நின்ற பேச்சு இரண்டு வருஷமாக நின்றே கிடந்தது. கல்லில் கொத்தியதை ரப்பர் வைத்தா அழிக்க முடியும்?

இப்போது அண்ணன் மகளுக்குக் கல்யாணம். தவசிமுத்து தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. வேதக்கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலைகூட வாசித்தாயிற்றாம். இவருக்குப் பத்திரிகை வரவில்லை. சோறு இறங்கவில்லை.

அந்த ஞாயிறு போதகர், வேதம் சொல்கிற ஞானம் தலைக்குள் பூட்டி வைக்கிற சமாசாரம் இல்லை, நூல் நூற்பது போல அதுவும் கைத்தொழில்தான் என்று பிரசங்கித்தார். கோபமாக நிற்பவரிடம் தணிந்து பேசுவதுகூடப் பழகினால்தான் வருமாம். ஃபிட்டருக்கு இது சட்டென்று பிடிபட்டது. தொழில் என்றால் பழகிவிடலாம். வீட்டுக்கு வந்ததும் மனைவி பரிபூரணத்தை நாற்காலியில் உட்கார வைத்தார்.

"ஏட்டி, நீதான் அண்ணன். நல்லாத் திட்டு."

"நெசமாவே திட்டவா?"

"திட்டுட்டி."

பரிபூரணம் முந்தானையை இடுப்பில் செருகினாள். "ஏலே, அப்பா சவப்பொட்டிய முன்னால புடிச்சுத் தூக்குனது நானு. கல்லுல முன்னால நிக்கது நீயோ?"

தவசிமுத்து ஞானத்தை மறந்து எகிறினார். மறுபடி முதலிலிருந்து. இப்படி ஏழு நாள் நடந்தது. போகப்போக அண்ணனுடைய திட்டில் வேறு சரக்கும் சேர்ந்தது.

"கொழாயில தண்ணி வார அன்னைக்கு ஒரு கொடம் புடிச்சுத் தந்திருப்பியாலே?"

"அண்ணன் இதையெல்லாம் கேக்க மாட்டாருட்டி."

"பழகிக்கிடுங்க. கேட்டாலும் கேப்பாவ."

பழகிக்கொண்டார். தண்ணீரும் பிடித்தார்.

எட்டாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினார். அண்ணன் வாசலில் நின்றார். தவசிமுத்து செருப்பைக் கழற்றினார். ஏழு நாள் பழகிய குரலில் தணிந்து சொன்னார்.

"அண்ணே, தப்பு எம்மேலதான்."

அண்ணன் அதைவிடத் தணிந்து சொன்னார். "இல்லலே தம்பி. நாந்தான் கூடப் பேசிட்டேன்." சொல்லிவிட்டு, பாடம் ஒப்பித்த பிள்ளை மாதிரி உள்ளே தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்லண்ணே, எம்மேலதான்."

"எம்மேலங்கேம்லா." அண்ணன் குரல் லேசாக ஏறியது.

மதினி கிருபைக்கனி காப்பியோடு வந்து நடுவில் நின்றாள். அண்ணனும் தம்பியும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கியது தவசிமுத்துதான்.

வீடு திரும்பியவர், தனக்குத் தொழில் கைவந்துவிட்டது, அண்ணனுக்கோ ஒத்திகையே இல்லாமல் வந்திருக்கிறது, அதெல்லாம் எங்கள் ரத்தம் என்று பெருமூச்சு விட்டார். பரிபூரணம் ஆமாங்க என்றாள்.

பிற்பாடு நான் விசாரித்தேன். இரண்டு ஊர்ப் பெண்களும் சேர்ந்து நடத்தும் ஜெபக் கூட்டத்தின் வருகைப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அண்ணன் தம்பி பேசாத அந்த இரண்டு வருஷமும், மாதம் தவறாமல், அடுத்தடுத்த வரியில் இரண்டு கையெழுத்து: கிருபைக்கனி, பரிபூரணம்.