பொருந்தாத துவக்குக்கட்டை

துவக்கின் பின்பக்கத் திருகாணி மட்டும் ஏன் இறங்க மறுக்கிறது என்று கனகசபாபதிக்கு விளங்கவேயில்லை. முன்பக்கத்தது ஒழுங்காக இறங்கிவிட்டது. பின்னுக்கு, இரும்புக்கும் மரத்துக்கும் நடுவில் ஓர் அரிசி நுழையும் இடைவெளி.

"கேதீஸ்! உவன் மரக்காலைக்காரன் என்னை ஏமாத்திப்போட்டான். வேம்பெண்டு சொல்லி என்னத்தையோ தந்திருக்கிறான்!"

மனைவி கேதீஸ்வரி தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "மரம் என்ன செய்யும்? தோண்டினது நீங்கள்தானே."

"நீர் பேசாமல் இரும்!"

அவருடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. வருகிற கிழமை கோயிலில் அவர்கள் குடும்பம் செலவேற்கும் உபயத் திருவிழா. அபிஷேகத்துக்குச் சொந்த வளவில் காய்த்த வாழைக்குலைதான் போகவேண்டும் என்பது வழக்கம். போன வருஷம் குரங்குகள் ஒரு சீப்புக்கூட மிச்சம் வைக்கவில்லை. சாவகச்சேரிச் சந்தையில் வாங்கிய குலையோடு போனவரைப் பக்கத்து வளவு வாகீசன் "கடைக்குலை உபயகாரர்" என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தான். இந்த வருஷம் குரங்குகளை விரட்டிக் கலைக்க, அனுமதியோடு வைத்திருந்த காற்றுத் துவக்கை எடுத்தால், துப்பாக்கிக் குழலும் விசையும் சேர்ந்த இரும்பைத் தாங்கும் கட்டையைக் கறையான் தின்றிருந்தது. புதுக் கட்டையை அவரே செதுக்கினார்.

இரும்பை எந்த இடம் தடுக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இரும்பை விளக்குப் புகையில் காட்டிக் கரி படியவைத்து, மரத்தில் அழுத்தி எடுக்கவேண்டும். மரத்தில் கரி ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் சீவவேண்டும்.

கனகசபாபதி சீவினார். ஆனால் ஒவ்வொரு தடவையும் பழைய கரியைத் துடைத்துவிட்டு அழுத்தவேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. பழைய கரியும் மேடாகத் தெரிந்தது. அதையும் சீவினார். பின்னேரம் இரும்பு உள்ளே இறங்கியது; தகப்பனின் செருப்புக்குள் பிள்ளையின் கால்போல ஆடியது.

இரும்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் கட்டையைத் தோளில் வைத்து, வாழைகளுக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடி நெடுநேரம் பார்த்தார். கன்னம் படிந்தது, தோள் பொருந்தியது. உருவத்தில் ஒரு குறையும் இல்லை.

வேலிக்கு மேலால் வாகீசனின் தலை தெரிந்தது.

"அண்ணை, உங்கடை குரங்கெல்லாம் எங்கடை வளவுக்கை நிக்குது."

"என்ரை குரங்கோ? நானோ பேர் வைச்சு வளத்தனான்?"

"என்ரை பப்பாசி முழுக்கப் போச்சுது அண்ணை!"

"போன வருஷம் சிரிச்சனியெல்லே? இப்பவும் சிரி!"

மறுநாள் மரத்தூளைப் பசையில் குழைத்தார். அதை இடைவெளியில் நிரப்பி, இரும்பையே அச்சாக வைத்து அழுத்தினால், காய்ந்ததும் இரும்பின் வடிவம் அப்படியே பதிந்துவிடும். நல்ல வழிதான். ஆனால் அழுத்துமுன் இரும்புக்கு மெழுகு பூசவேண்டும். இல்லாவிட்டால் பசைக்கு இரும்பென்றும் மரமென்றும் பேதம் தெரியாது. மெழுகின் ஞாபகம் அவருக்கு அடுத்த நாள் காலையில்தான் வந்தது.

"இப்ப ஆடாதுதானே?" என்று கேதீஸ்வரி கேட்டாள்.

"ஆடாது! விசையும் ஆடாது!"

கொட்டாப்புளியால் தட்டித் தட்டி இரும்பைக் கழற்றினார். கூடவே ஒரு மரச்சிராயும் வந்தது. திருகாணி ஓட்டை வாயைப் பிளந்தது. வெறும் கட்டையை மறுபடி தோளில் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். உருவம் இன்னும் திறம்தான். வேலிக்கப்பால் வாகீசன் தகரத்தில் அடித்துக் கத்துவது கேட்டது.

ஓட்டையை அடைத்துப் புதிதாகத் துளைக்க, பாலை மரத்தில் ஒரு முளை செய்து பசை வைத்து இறுக்கினார். பாலை இரும்பு மாதிரி. வேம்பு அதைவிட மெது. துளைக்கிற ஊசி கடினத்தை விட்டு மெதுவான பக்கம் சறுக்கும். சறுக்கியது. திருகாணி கட்டையின் விலாவால் வெளியே எட்டிப் பார்த்தது.

"மரக்காலைக்காரன், பசை வித்தவன், ஊசி செய்தவன், எல்லாரும் கள்ளர்! இதை அடுப்புக்கை வைக்கிறன்!"

கட்டையைத் தூக்கிக்கொண்டு அவர் குசினிக்கு நடக்க, கேதீஸ்வரி எதிரே இரண்டு கப்பல் இன வாழைக்குலைகளைச் சுமந்து வந்து நிலத்தில் இறக்கினாள்.

"இஞ்சாருங்கோ, முத்தி நிண்டது, வெட்டிப்போட்டன். ஒரு காயிலைகூடக் கடி இல்லை."

கனகசபாபதி குலைகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "துவக்கு இன்னும் பூட்டவேயில்லையே! அப்ப குரங்கு ஏன் வரேல்லை?"

வாகீசனின் மனைவி உதயகலா வேலியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்:

"எரிச்சுப்போடாதேங்கோ அண்ணை, எங்களுக்குத் தாங்கோ! குரங்கு கலைக்க இரும்பு தேவையில்லை, வெறும் மரத்தைத் தோளிலை வைச்சு ஒரு கண்ணை மூடினால் போதும். நீங்கள் அப்பிடிச் செய்யிற நேரமெல்லாம்தான் அவ்வளவும் வேலி பாஞ்சு எங்கடை வளவுக்கு ஓடி வருது!"