நின்ற கண்ணாடிக்கு ஓர் ஆணி

என் மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மச்சான் சொல்லச் சொல்ல, மருமகள் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். முட்டி வலிக்கிற நானும் அந்தக் கணக்கில்தான். அங்கே நீங்கள் சௌக்கியமா என்று கேட்கவில்லை. கேட்டால் யோசிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். போனில் பேசாமல் கடிதம் போடுவதும் அதனால்தான். போன் என்றால் நடுவில் புகுந்து "ஒருவேளை" என்பீர்கள். கடிதத்துக்குள் புகுந்து எவராலும் அப்படிச் சொல்ல முடியாது.

சினிமாக் கொட்டகையின் கூரை காற்றில் பறந்துபோய்ப் போலீஸ் ஸ்டேஷன் மேல் உட்கார்ந்ததே, அந்த வருஷம் நினைவிருக்கிறதா? புதுப் பாலத்தைக் காலையில் திறந்து, விரிசல் என்று சாயங்காலம் மூடினதும் அதே வருஷம்தான். என் தங்கை உங்களைக் கட்டிக்கொண்டதும் அப்போதுதான். அந்த மூன்றில் நின்று நிலைத்தது கல்யாணம் ஒன்றுதான். நாம் இரண்டு பேரும் கண்ணாடி மேஸ்திரியிடம் வேலை பார்த்தோம். கடைத்தெரு சலூன்காரர் ஆள் உயரக் கண்ணாடி கேட்டிருந்தார். மரச்சட்டம் போட்டு, முன்னால் நான், பின்னால் நீங்கள், பக்கத்தில் மேஸ்திரி, தூக்கிக்கொண்டு கிளம்பினோம். "கண்ணாடியைத் தூக்குறோம்னு நெனைக்காதீங்கடா, கதவைத் தூக்குறோம்னு நெனைச்சுக்கோங்க" என்றார் மேஸ்திரி. நான் நினைத்துக்கொண்டேன். நீங்கள்தான், தெரு முனை வருவதற்குள், "மச்சான், ஒருவேளை நாய் குறுக்கே வந்தா?" நாய் வந்தது. கண்ணாடிக்குள் இன்னொரு நாயைப் பார்த்து வாலைச் சுருட்டிக்கொண்டு போனது. "ஒருவேளை மழை வந்தா?" அதுவும் வந்தது. கண்ணாடி குளித்துப் பளபளவென்று ஆனது. "ஒருவேளை பசங்க பந்தடிச்சா?" அடித்தார்கள். பந்து என் மண்டையில் பட்டது, கண்ணாடியில் படவில்லை. "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்று அப்போதுகூட நீங்கள் எனக்குத்தான் புத்தி சொன்னீர்கள். அன்றைக்கு மேஸ்திரி உங்களுக்கு வைத்த பெயர்தான் 'ஒருவேளை'.

சலூனுக்குப் போய்ச் சேர்ந்து, சுவரில் ஏற்றி, நாலு மூலையிலும் ஆணி அடித்து, மேஸ்திரி பிடித்து ஆட்டிப் பார்த்தார். மலை மாதிரி நின்றது. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த ஒரு வாடிக்கைக்காரர்கூடக் கை தட்டினார். நாங்கள் கை கழுவப் போனோம், மாப்பிள்ளை. கை கழுவத்தான் போனோம். அதற்குள் உனக்கு, ஒருவேளை நாலு ஆணி தாங்காதோ என்று. (மருமகள், "மாமா, மேலே 'நீங்கள்'னு போட்டுட்டு இப்ப 'உனக்கு'ங்கறீங்களே" என்கிறாள். இந்த இடம் வந்தால் எனக்கு மரியாதை வராது, அப்படியே இருக்கட்டும்.) சட்டத்தின் அடியில் நட்டநடுவே ஐந்தாவது ஆணியை வைத்து ஒரே போடு போட்டாய். கீழிருந்து மேல்வரை ஒரு கோடு ஓடியது. வாடிக்கைக்காரர் கண்ணாடியில் இரண்டு பேராக உட்கார்ந்திருந்தார். "என்னப்பா இது, ரெண்டு பேருக்கும் சேத்துக் காசு கேப்பியா?" என்றார் சலூன்காரரிடம். மேஸ்திரி ஈரக் கையோடு வந்து நின்றார்.

"ஏண்டா, நின்னுக்கிட்டிருந்த கண்ணாடிக்கு ஏண்டா ஆணி?"

"விழுந்துடக் கூடாதேன்னு, மேஸ்திரி."

"இனிமே பயமில்லடா. விழறதுக்கு என்ன மிச்சம் இருக்கு?"

இதை இப்போது எதற்குச் சொல்கிறேன் என்றால், என் தங்கை போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. மாடி அறையில் ஒண்டியாகக் கிடக்கிறாய். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்துத்தான் உன்னைத் தூக்கியிருக்கிறார். இங்கே வாசல் அறை காலியாக இருக்கிறது, வா என்றால், "யோசிச்சுச் சொல்றேன் மச்சான்" என்கிறாய். முதல் தேதிக்குள் பதில் இல்லையென்றால் வாடகைக்கு விட்டுவிடுவேன் என்று மகன் சொல்லிவிட்டான். ஒருவேளை உன் இருமல் எங்கள் தூக்கத்தைக் கெடுத்தால்? என் குறட்டையில் உன் இருமல் யாருக்குக் கேட்கப் போகிறது? ஒருவேளை நமக்குள் சண்டை வந்தால்? வராவிட்டால் பொழுது எப்படிப் போகும்? ஒருவேளை இங்கே வந்த இடத்தில் செத்துவிட்டால்? செத்தால் தூக்கிக்கொண்டு போவோம். கண்ணாடி தூக்கின கைதானே, அலுங்காமல் போய்ச் சேருவாய்.

எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் பார்த்ததை மறந்ததில்லை. யோசிக்காமல் நான் செய்ததில் பாதி தப்பாகப் போயிருக்கிறது. யோசித்து யோசித்து நீ செய்ததிலும் பாதி தப்பாகத்தான் போயிருக்கிறது. தூக்கம் மட்டும் எனக்கு மிச்சம். நல்லபடி வாழ்வது என்றால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நாலு ஆணி அடித்தாயா, சுத்தியலைக் கீழே வை, கையைக் கழுவு, எதிரே தெரிகிற உன் மூஞ்சியைப் பார்த்துச் சிரி. நான் அப்படித்தான் இருக்கிறேன். எதற்கும் இரண்டாவது தடவை யோசிப்பதில்லை. துணிமணியை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பு.

உன் காலும் கையும் திடமாக இருக்கட்டும், தலைக்கு மட்டும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும் என்று வாழ்த்துகிற,
உன் மச்சான்.

பி.கு.: மருமகள் உறையை ஒட்டப் போனாள். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஒருவேளை, 'செத்தால்' என்று எழுதினது உங்கள் மனதில் தைத்துவிட்டால்? ஒருவேளை, கோபத்தில் வராமலே இருந்துவிட்டால்? ராத்திரி முழுக்கப் புரண்டேன் மாப்பிள்ளை. நீங்கள் வழுக்கி விழக்கூடாது என்று குளியலறைச் சுவரில் இரண்டு பக்கமும் கைப்பிடி போட்டாயிற்று. கொத்தனார் தொங்கியே காட்டிவிட்டுப் போனார். அவர் தெரு முனை தாண்டியிருக்க மாட்டார், ஒருவேளை இரண்டு போதாதோ என்று மூன்றாவதை நானே அடிக்கப் போனேன். கீழிருந்து மேல்வரை சுவர் ஓடு பூராவும் விரிசல் விட்டுவிட்டது. மகன் இன்னும் பார்க்கவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த மருமகள், "ஐயோ மாமா" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அவள் அந்தக் கதையை எழுதினவள்தான், அங்கே இருந்தவள் இல்லை. "ஏண்டா, நின்னுக்கிட்டிருந்த சுவருக்கு ஏண்டா ஆணி?" என்று கேட்க மேஸ்திரி இல்லை, சலூன்காரர் இல்லை, பாதி சவரத்தோடு எழுந்துபோன அந்த மனுஷனும் போய்ச் சேர்ந்தாயிற்று. அப்படிக் கேட்டு என்னைப் பார்த்துச் சிரிக்க உயிரோடு மிச்சம் இருப்பது நீ ஒருத்தன்தான்டா, 'ஒருவேளை'.