அப்பா பதினொரு முறை கெடுத்த காட்சி

மதிப்புக்குரிய பூருல்சா அக்காவுக்கு, கொச்கோரிலிருந்து தம்பி குபாத் எழுதுவது. இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர மற்ற யாவரும் நலம். அங்கே அத்தானும் பிள்ளைகளும் உன் வார்டு நோயாளிகளும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

விஷயம் என்னவென்றால், நான் படித்த திரைப்படக் கல்லூரி மலர் போடுகிறதாம். ‘முதல் குறும்படத்தில் கற்ற பாடங்கள்’ என்று பழைய மாணவர்கள் ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். இருபது வருடமாகப் பள்ளியில் பூகோளம் நடத்தும் என்னையும் கேட்டிருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் பாடம் எதுவும் வரவில்லை, அந்த அக்டோபர் காலைதான் வருகிறது.

மகளைப் படிக்க வழியனுப்பும் தகப்பன், ஏழு நிமிடப் படம். மகளாக நீ. வேறு ஆள் கிடைக்காததால் தகப்பனாக அப்பா. அதுவும், நர்ஸ் படிப்புக்குத் தலைநகர் பிஷ்கெக் போகிறேன் என்று நீ கேட்டதற்கு “அந்தப் பேச்சே வேணாம்” என்று சொல்லி ஒரு மாதம்கூட ஆகாத அப்பா. பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு “நல்லா படிச்சிட்டு வாம்மா” என்று சொல்ல வேண்டும், வண்டி கொஞ்ச தூரம் போய்த் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். முதல் தடவை கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அடுத்து “ஆட்டுக்குத் தண்ணி காட்டினியா?” என்றார். மூன்றாவதில் தும்மல். நான்காவதில், டயரில் காற்று குறைச்சல் என்று டிரைவர் மத்கெரிமோடு சண்டை. வண்டியோ பிஷ்கெக் போகும் நிஜ மினிபஸ், உள்ளே நிஜப் பயணிகள். உருளைக்கிழங்கு மூட்டைக்காரி ஒருத்தி ஜன்னலில் தலையை நீட்டி, “யோவ், ஒரு வரி சொல்ல வாய் வலிக்குதா? நகரு, நான் சொல்றேன்!” என்று கத்தினாள். பதினொரு முறை ஏறினாய், பதினொரு முறை இறங்கினாய். பன்னிரண்டாவதில் சொன்னார். நான் எழுதிக்கொடுத்ததைவிட நன்றாகவே சொன்னார். நான் “கட்” என்றேன். வண்டி நிற்கவில்லை. நிற்காமல் போகும்படி நீ மத்கெரிமிடம் முன்பே சொல்லிவைத்திருந்தது எனக்கென்ன தெரியும்?

“எங்கடா போறா?”

“படத்துல போறாப்பா.”

“வண்டி திரும்பலையேடா!”

கம்பளித் தொப்பி கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் அவர் வண்டிக்குப் பின்னால் ஓட, கேமராவோடு அவருக்குப் பின்னால் நான் ஓட, எனக்குப் பின்னால் மைக் ஒயர் இழுபட்டுக்கொண்டு வந்தது. அது காலையிலிருந்தே செருகப்படவில்லை என்பது கல்லூரியில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அப்பா சொன்ன அந்த வரி பதிவாகவில்லை, தும்மல்கூட இல்லை. “எந்தத் தகப்பன் இப்படி ஓடுவான்? மிகை நடிப்பு” என்று சொல்லி வாத்தியார் பாஸ் மார்க் போட்டார்.

ஆகவே, ஒயரைச் செருகிப் பார்க்க வேண்டும், நிஜ வண்டியில் படம் எடுக்கக் கூடாது என்று எழுதப் பார்க்கிறேன். அதெல்லாம் பெரிதில்லை அக்கா. நடு ரோட்டில் வெறுந்தலையோடு நின்ற அந்த முகம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. தெரிந்தோ தெரியாமலோ அவரை ஏமாற்றிவிட்டேன். அதன்பிறகு கேமராவை நான் தொடவில்லை.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். உன் கைபட்டவர்கள் எல்லாரும் எழுந்து நடக்கட்டும்.

இப்படிக்கு,
குபாத்

பின்குறிப்பு: இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “யாருடா யாரை ஏமாத்தினது? பெட்டியைத் தூக்கினப்பவே கனம் சொல்லிடுச்சு, இவ நெசமாவே கிளம்பிட்டான்னு. வண்டி போனப்பத்தான் மனசு கேக்காம ஓடிட்டேன். அந்த வரி காலையிலயே மனப்பாடம்.”

“பின்னே ஏம்ப்பா பதினொரு தடவை கெடுத்தீங்க?”

“கெடுத்தாத்தானேடா இறங்கி வர்றா.”