புறவளி மண்டலத்து அண்ணர்

பூமியைச் சுற்றிய காற்றுக்குப் பல அடுக்குகள் உண்டென்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஆகக் கடைசியாக, ஆகவும் மேலே இருப்பது புறவளி மண்டலம். அங்கே இருப்பதும் பூமியின் காற்றுதான். ஆனால் ஒருவராலும் மூச்சிழுக்க முடியாது. மழை, புயல், புழுதி எல்லாம் கீழ் அடுக்குகளின் தலைவலி. அந்த உயரத்தில் மனிதர் வாழமுடியாது என்கிறார்கள் விஞ்ஞானிகள். பாவம், அவர்கள் எங்கள் குகதாசன் அண்ணரைக் கண்டதில்லை.

இவருடைய இனத்தவர் படுப்பது கனடாவின் ரொறன்ரோவில். குடியிருப்பது இலங்கையில் பிறந்த ஊரான பூநகரிக்கு நேர் மேலே. கையில் வானத்துச் செய்மதி அனுப்பும் முகில் படம். தங்கச்சி வீட்டு நாய் குரைத்தால் காரணம் கேட்பார், கிணற்றுக்குள் கமராவை இறக்கச் சொல்லித் தண்ணீர் மட்டம் பார்ப்பார், வற்றாப்பளைக் கோயில் பொங்கலில் "கொஞ்சம் விலத்துங்கோ, அம்மன் தெரியேல்லை" என்று கைபேசிக்குள் இருந்தபடியே சனத்தை ஒதுக்குவார். எல்லாவற்றுக்கும் முத்தாய்ப்பு ஒன்றுதான்: "நான் மேல இருந்து பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

யார் இல்லையென்றது?

போன வருடம் தையில் நெல் முற்றிச் சாய்ந்து நின்றது. வயல் அண்ணரின் பேரில். வேர்வை தங்கச்சி சிவலட்சுமியின் பேரில். அவா வீட்டின் ஒரு வருடச் சோறு அது. வெட்டுமெசின் வரம்படிக்கே வந்துவிட்டது.

"அண்ணை, கிழக்கால இருட்டுது. இப்பவே வெட்டட்டோ?"

"விசரே உனக்கு? ரெண்டொரு நாள் காயட்டும். படத்தில ஒரு முகிலும் இல்லை."

"மெசின்காரர் நிக்கமாட்டாராம்."

"அவருக்கென்ன தெரியும்? போகச்சொல்லு."

போனார். பின்னேரம் கொட்டியது.

"அண்ணை, மழை பெய்யுது!"

"பெய்யாது."

"நனைஞ்சுகொண்டு நிண்டெல்லோ கதைக்கிறன்!"

"இஞ்ச காட்டேல்லையே பிள்ளை. எங்க, கமராவை மேல பிடி."

பிடித்தா.

"ஒண்டும் தெரியேல்லை. முதல்ல அந்தத் தண்ணியைத் துடை."

நெல் வெள்ளத்துக்குள் படுத்து முளைவிட்டது. சிவலட்சுமி அந்த வருடம் முழுக்கக் கடை அரிசி வாங்கினா. அண்ணர் குடும்பக் குழுவில் குரல்பதிவு போட்டார்: "நான் அப்பவே சொன்னனான், வெட்டச் சொல்லி."

இந்தத் தையில் சிவலட்சுமி வெட்டி, காயவிட்டு, குத்தி, புது அரிசிச் சோற்றைச் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு வைத்துக்கொண்டுதான் அழைப்பெடுத்தா.

"அண்ணை, வெட்டட்டோ?"

"பொறு. பாத்துச் சொல்லுறன்."

"ஓம் அண்ணை, ஆறுதலாப் பாருங்கோ," என்றுவிட்டு அடுத்த கவளத்தைப் பிசைந்தா.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் கைபேசியில் வானிலையைத் திறவுங்கள். முதலில் வருகிற ஊர் எது? பூநகரியோ? அப்படியென்றால் எழும்பிப் போய் யன்னலையும் ஒருக்கால் பாருங்கோ. உங்கள் காரைப் பனி மூடிக் கனநேரம்.